‘வருகிறேன்’ என்று எழுதிவிட்டுப் போனவர்

பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவளுக்கு ஒருநாள் பூமாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து ஓய்வு என்றார்கள். ஓய்வு வேலைக்குத்தான், வாய்க்கு யாரும் உத்தரவு போடவில்லை. நிலையத்தில் வைத்த ‘அறிவிப்பக்கா’ என்ற பெயரும் அவளோடு கிளம்பித் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

தங்கை மருந்துக்கடை நடத்துகிறவள். அளந்து கொடுத்தே பழகியவள், பேச்சையும் சேர்த்து. அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்தால் அக்கா அதை இரண்டு முறை, நிறுத்தி நிதானமாக அறிவித்தாள். தபால் வந்தாலும், குழாயில் தண்ணீர் நின்றாலும், மாப்பிள்ளை குளியலறைக்குள் போனாலும் அறிவிப்பு உண்டு. மாப்பிள்ளை சாதுவான மனிதர். நாலு மாதம் பொறுத்துவிட்டு, ஒருநாள் காதில் பஞ்சோடு சாப்பிட உட்கார்ந்தார்.

அன்றைக்கே அக்கா சொன்னாள். “ஏரியோரத்துல அப்பாவோட மரக்குடில் சும்மாத்தானே கெடக்கு. வாடகைக்கு விடலாம். நான் அங்கயே இருந்து பாத்துக்கறேன்.”

தங்கை எதற்கும் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதாகச் சரித்திரம் இல்லை.

குடில் ஒன்றும் அரண்மனை அல்ல. பலகைச் சுவர், தகரக் கூரை, ஒரு கட்டில், ஒரு விறகடுப்பு, ஓர் அரிக்கேன் விளக்கு. வெளியே கைபம்பு, பத்து அடி அடித்தால்தான் தண்ணீர் வரலாமா என்று யோசிக்கும். பின்பக்கம் விறகு வைக்கக் கட்டிய சாய்ப்பை ஒழித்துத் தனக்கென ஓர் அறையாக்கிக்கொண்டாள் அக்கா. அறுபது வயதில் முதன்முறையாகத் தன் பேருக்கு ஒரு கதவு, அதற்கு ஒரு தாழ்ப்பாள். ராத்திரி தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்ப்பாள்.

விளம்பரத்தைத் தங்கை எழுதினாள். ‘மின்சாரம் இல்லை. தொலைக்காட்சி இல்லை. சத்தம் இல்லை.’ முதல் இரண்டும் உண்மை.

முதலில் வந்தது புதிதாகக் கல்யாணமான ஜோடி. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜன்னலுக்கு வெளியே நின்று, “சூரியன் இப்போது ஏரியின் கிழக்குக் கரையில் வந்துகொண்டிருக்கிறது” என்று அக்கா மகிழ்ச்சியோடு தெரிவித்தாள். ஒரு வாரத்துக்கு வந்தவர்கள் மத்தியானமே கிளம்பினார்கள். அடுத்து, பரீட்சைக்குப் படிக்க வந்த பெண் இரண்டு நாள். பிறகு வந்த ஓவியர் ஒரு வாத்துக்கு வண்ணம் அடித்து முடிப்பதற்குள் அந்த வாத்தின் குடும்ப வரலாறு முழுவதையும் கேட்க நேர்ந்து, பாதி வாத்தோடு போய்விட்டார்.

தங்கை போனில் கூப்பிட்டாள். “அக்கா, படகு ரிப்பேர் பண்றவரு கேட்டுட்டே இருக்காரு, சாமான் போட்டு வெக்க. குடிலு, சாய்ப்பு ரெண்டும் வேணுமாம். கொடுத்துடப் போறேன்.”

“நான் எங்கடி போறது?”

“இங்கதான். ஹால்ல சோபா இருக்கே.”

அந்தச் சோபாவில் படுத்தால் அக்காவுக்குக் கால் வெளியே இருக்கும். எழுந்தால் மாப்பிள்ளையின் பஞ்சு கண்ணில் படும். “ஒரே ஒரு சான்ஸ் குடுடி” என்று கெஞ்சினாள்.

“சரி. வர்ற ஆளு சொன்ன நாள் முழுக்க இருந்துட்டுப் போகட்டும். இல்லேன்னா சாவி என் கைக்கு வந்தாகணும்.”

நாலாவதாக வந்தவர், துணி துவைக்கும் மெஷின் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருப்பவர். பத்தொன்பது வருடமாகக் காதில் போனை ஒட்டவைத்துக்கொண்டு, சுற்றாத மெஷின்களுக்காக வருத்தம் தெரிவித்து வந்தவர். ஐந்து நாளுக்குக் கேட்டார். ஒரே நிபந்தனை: “அங்க யாரும் எங்கிட்டப் பேச மாட்டாங்கல்ல?”

“ஒருத்தரும் பேச மாட்டாங்க தம்பி” என்று அக்கா சத்தியம் செய்தாள். எப்படிப் பேச மாட்டார்கள் என்பதை விளக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று.

ஆனால் வாக்கைக் காப்பாற்றினாள். தோளில் ஒரே ஒரு பையோடு அவர் வந்து இறங்கியதும் குடிலைத் திறந்துவிட்டாள், தலையை ஆட்டினாள், சாய்ப்புக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை வெந்நீர் கொண்டுபோய் வைத்து, வாளியைக் காட்டி, தலையில் ஊற்றிக்கொள்வதுபோல் செய்து காட்டினாள். அவர் சட்டையை மோந்து பார்த்துக்கொண்டு உள்ளே போனார். கைபம்பை மெதுவாக அடிக்கவேண்டும் என்று சொல்ல நினைத்து இரண்டு கையையும் மேலும் கீழும் அசைத்தபோது, அவர் பயந்தவர்போல் இரண்டடி பின்வாங்கினார். அக்காவுக்கு உள்ளுக்குள் பெருமை. இருபத்தெட்டு வருடத்தில் மைக் ரிப்பேரான நாள்களில்கூட அவள் இவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. சாயங்காலம் மட்டும் தீப்பெட்டி வாங்கிவர பஸ் நிறுத்தத்துக் கடைவரை நடந்தாள். இரண்டு நாளில் இரண்டு தீப்பெட்டி. ஒவ்வொன்றையும் வாங்க ஒருமணி நேரம் பிடித்தது.

மூன்றாம் நாள் காலை வெந்நீரோடு போனால் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளில் ஒரு துண்டுச்சீட்டு. ‘வருகிறேன்.’

அவ்வளவுதான். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். போர்வை மடித்திருந்தது. அடுப்புச் சாம்பல் அள்ளியிருந்தது. பை இல்லை, செருப்பு இல்லை.

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாளில் பாதியை வருகை என்றும் புறப்பாடு என்றும் இரண்டே சொல்லில் ஓட்டியவள் அவள். ஒன்றை மற்றதாக ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. இப்போது கையில் இருக்கும் சீட்டு இரண்டில் எது என்று தெரியவில்லை. வருகிறேன் என்றால் வருகிறேன்தானே? பின்னே போகிறவர்கள் எல்லோரும் ஏன் அதையே சொல்லித் தொலைக்கிறார்கள்?

போதாததற்கு அன்றைக்குத்தான் தங்கை பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தாள். பத்து மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். கைப்பையை வைக்கும் முன்பே கேட்டாள்.

“எங்கக்கா ஆளு?”

அக்கா சீட்டை நீட்டினாள். தங்கை டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவள். இதைப் படிக்க ஒரு விநாடி போதுமாயிருந்தது.

“போயிட்டாரு.”

“வர்றேன்னு எழுதியிருக்காருடி!”

“போறேன்னு யாருக்கா எழுதுவாங்க? நாகரிகமான மனுஷன், எழுதிட்டாவது போனாரு. பை இருக்கா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?”

“வர்றேன்னா வர்றேன்தான். நான் எத்தனை வண்டி வரவெச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

“நீ எங்க வீட்டுலேர்ந்து கிளம்பறப்ப வாசல்ல நின்னு என்ன சொன்ன? ‘மாப்பிள்ளை, வர்றேன்’னு சொன்ன. வந்தியா? எட்டு மாசம் ஆச்சு.”

அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தங்கை கையை நீட்டினாள், சாவிக்கு.

“உன் நல்லதுக்குத்தாங்க்கா.”

“பன்னெண்டு மணி பஸ் வரைக்கும் பொறு. அதுல நீயே எடுத்துட்டுப் போ.” குரல் இறங்கியிருந்தது. தங்கை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து, ஏரியைப் பார்ப்பதுபோல் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றரைக்கு நாணல் பக்கமாகப் புகார்ப்பிரிவுக்காரர் வந்தார். தோளில் பை. படியில் இரண்டு பெண்களைக் கண்டதும் தயங்கி நின்றார்.

தங்கை எழுந்தாள். “சார், நான் இவங்க தங்கச்சி. இந்த எடத்துல எனக்கும் பங்கு இருக்கு. உங்களுக்கு இங்க ஏதாவது குறையா?”

பத்தொன்பது வருடம் பிறர் குறையைக் கேட்டவருக்குத் தன் குறையை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. “வருத்தம் தெரிவிச்சுக்கிறேன்” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்து, திருத்திக்கொண்டார். “இல்ல... இந்த அம்மா ரெண்டு நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க. குளின்னு சைகை காட்டறாங்க. பம்புகிட்டப் போனா கையை ஆட்டி வெரட்டறாங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்னே புரியல. ராத்திரி தூக்கமே வரல.”

“அமைதி வேணும்னு நீங்கதானே தம்பி கேட்டீங்க!” அக்காவின் வாய்ப்பூட்டு உடைந்துவிட்டது.

“அமைதி வேணும்னுதான் கேட்டேன். இவ்வளவு கேக்கலீங்களே.”

“அப்ப ‘வருகிறேன்’னு எழுதினது?” என்றாள் தங்கை. அவளுக்கு விஷயம் முக்கியம்.

“எழுதறப்போ போறதுக்குத்தாங்க எழுதினேன். பஸ் நிறுத்தத்துல கடைக்காரர், ‘என்ன சார், அதுக்குள்ளயா? உங்களுக்காகத்தான் அந்தக்கா அங்க வாயைக் கட்டிப்போட்டு, மிச்சத்தையெல்லாம் இங்க கொண்டாந்து கொட்டுது. எங்க காது ரெண்டும் போச்சு’ன்னாரு. பஸ் வந்துச்சு. ஏறல. ஏரிக்கரையில நடந்துட்டே யோசிச்சுப் பாத்தா, எழுதினதும் சரியாத்தான் இருக்கு.”

தங்கை சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேதி தாண்டிய மருந்தைத் தேடுகிறவள்போலத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு அவள் வெறுங்கையோடு கிளம்பினாள்.

அதன்பிறகு குடிலில் நிலவியதை அமைதி என்று சொல்ல முடியாது. பம்பை ஏன் மெதுவாக அடிக்கவேண்டும், தண்ணீர் ஏன் யோசிக்கிறது, ஒரு வாத்து ஏன் மற்றதோடு சேர்வதில்லை, எந்த டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டு எந்தக் கண்டக்டர் பெண்ணிடம் டிக்கெட் இல்லாமல் மனசைக் கொடுத்தார் என்றெல்லாம் விறகடுப்பருகே செய்தி வாசிக்கப்பட்டது. விருந்தாளி காலை நீட்டி உட்கார்ந்து கேட்டார். தான் பதில் சொல்லவேண்டியதில்லாத பேச்சு உலகத்தில் உண்டு என்பது அவருக்குப் புதிய செய்தி. பாதிக் கதையில் தூங்கிவிடுவார். அக்காவுக்கு அதில் வருத்தமே இல்லை. தூங்கி வழிகிற கூட்டத்துக்கு அறிவித்துப் பழகியவள்தானே.

ஐந்தாம் நாள் நாலு மணி பஸ்ஸில் அவர் கிளம்பவேண்டும். மூன்றரைக்குப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவரிடம், “அந்தக் கண்டக்டர் பொண்ணு கடைசியில என்ன சொன்னான்னு நான் சொல்லலியே” என்றாள் அக்கா. அவர் பையை இறக்கி வைத்தார். நாலு மணி பஸ் தூரத்தில் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

ஆறு மணிக்குத் தங்கை போன் செய்தாள். “என்னக்கா, ஆளு முழுசா இருந்துட்டுக் கிளம்பினாரா?”

“இல்லடி. இங்கதான் இருக்காரு. கண்டக்டர் பொண்ணு டிரைவருக்கு என்ன பதில் சொன்னான்னு கேக்க உக்காந்து பஸ்ஸை விட்டுட்டாரு. ராத்திரி தங்கிட்டு நாளைக்குப் போறேங்கறாரு.”

“ஐயோ, அஞ்சு நாள்தானே பேச்சு?”

“சொன்ன நாளைக்கு முன்னாடி போகக் கூடாதுன்னுதான் நீ சொன்ன. மேல இருந்தா என்ன செய்யணும்னு சொல்லலியே.”

“படகு ரிப்பேர்காரர்கிட்ட வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன்” என்றாள் தங்கை. “அது கெடக்கட்டும். அந்தக் கண்டக்டர் பொண்ணு என்னதான் சொன்னா?”