வெள்ளவத்தையிலிருந்து ஒரு கோடு

1996 மே 13: முத்திரை முப்பது, ரூபா 60.00
அன்றே: தாள், கடித உறை, ரூபா 34.50
1996 ஜூன் 8: வெள்ளவத்தைக்கு பஸ், இருவர், போக வர, ரூபா 20.00
1996 ஜூன் 15: அதே பஸ், ஒருவர், ரூபா 10.00

எரிவெள்ளிக் கணக்கென்று ஒஸ்வால்ட் எழுதி வைத்தது இவ்வளவுதான். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அங்கே அவருக்கு அடுத்த மேசை என்னுடையது.

மே 11, சனிக்கிழமை. மின்வெட்டு. இரவு எட்டு மணியளவில் அவர் வீட்டு முற்றம் திடீரென்று பச்சை கலந்த வெள்ளையாக ஒளிர்ந்தது. கொடியில் காய்ந்த சட்டைகளின் நிழல்கள் சுவரில் ஓடின. பெரியதொரு நெருப்புருண்டை கடற்பக்கமாக இறங்கி, மூன்றாக உடைந்து அணைந்தது.

"யேசுவே, ஆமிக்காரங்கள் பரா வெளிச்சம் அடிக்கிறாங்கள்! உள்ள வாங்க!" என்று மனைவி புளோறன்ஸ் கத்தினார்.

"பராவுக்கு இந்த ஓட்டம் இல்லை. பேசாமப் பார்."

அது எங்கே விழுந்தது என்று அறிய அவருக்கு ஆசை வந்தது. இரண்டு இடங்களிலிருந்து திசை பார்த்து, வரைபடத்தில் இரு கோடுகள் இழுத்தால், அவை வெட்டும் இடத்தில் கப்பல் நிற்கும். துறைமுகத்தில் எவருக்கும் தெரிந்த வழி இது. தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினார். ஆறு பதில்கள் வந்தன, ஆறும் கொட்டாஞ்சேனையிலிருந்து. நகரின் தெற்கிலிருந்தும் ஒரு கோடு தேவைப்பட்டது.

வெள்ளவத்தையில் தியாகராசாவின் லொட்ஜில் சிலர் மொட்டை மாடியில் நின்று பார்த்ததாகக் கேள்விப்பட்டு, அவரும் நானும் போனோம். தியாகராசா காட்டிய அறையில் கௌரி என்ற பெண் கதவைத் திறந்தாள். அவளும் தம்பியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒஸ்வால்ட் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மறுகையில் திசைகாட்டி.

"மே பதினொண்டு, இரவு எட்டு மணிக்கு நீங்க எங்க நிண்டீங்க? எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு?"

"நாங்கள் மேல ஏறேல்லை ஐயா. படுத்திட்டம்."

"எட்டு மணிக்கோ?"

உள்ளே இருந்த தம்பி மெதுவாக எழுந்து, செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டான். நாங்கள் திரும்பிவிட்டோம்.

"பயந்திட்டுதுகள் போல," என்றார் ஒஸ்வால்ட் பஸ்ஸில். அடுத்த சனிக்கிழமை ஒரு கேக் வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கேட்கத் தனியே போனார். அறை பூட்டிக் கிடந்தது.

"அண்டைக்கு இரவே போட்டுதுகள்," என்றார் தியாகராசா. "உங்களை சிஐடி எண்டு நினைச்சிட்டுதுகள். கேள்வியும் அப்பிடித்தானே கேட்டனீங்கள்! அட்வான்ஸைக்கூடத் திருப்பிக் கேக்கேல்லை."

"எங்க போச்சுதுகள்?"

"ஆருக்குத் தெரியும்? இஞ்ச எண்டால் பொலிஸில பதிஞ்சு வைச்சிருந்தனான். வேற இடத்தில பதிவில்லாமப் பிடிபட்டால் உள்ளதான். அதுவும் பெடியன் வேற."

ஒஸ்வால்ட் கேக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். வரைபடத்தைச் சுருட்டிப் புளோறன்ஸிடம் கொடுத்தார். எரிவெள்ளி பற்றி அதன்பின் அவர் கதைக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை வெள்ளவத்தைக்குப் போய், அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஏதாவது செய்தி வந்ததா என்று மட்டும் கேட்பார்.

"இன்னும் சிஐடி வேலை விடேல்லையோ?" என்று தியாகராசா பகிடி பண்ணுவார். பிறகு, இல்லை என்று தலையாட்டுவார். கடைசியில் ஒஸ்வால்டின் முகவரியை வாங்கி வைத்துக்கொண்டார்.

கௌரி முதலில் எழுதியது தியாகராசாவுக்குத்தான். அவர் உண்மையை விளக்கிப் பதில் போட்ட பிறகு, சுவிற்சர்லாந்திலிருந்து ஒஸ்வால்டுக்கு ஒரு கடிதம் வந்தது. நானும் அங்கே இருந்தேன். புளோறன்ஸ் உரத்து வாசித்தார். வெள்ளவத்தைக்கு அடுத்த பாமன்கடையில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்து, பிறகு இருவரும் பயணப்பட்டார்களாம். தம்பி ஹோட்டலில் வேலை செய்கிறானாம். 'அண்டைக்கு மொட்டை மாடியில நிண்டது நாங்கள்தான் ஐயா. பொய் சொன்னதைக் குறை நினைக்க வேண்டாம். அவ்வளவு வடிவான ஒண்டை நான் அதுக்குப் பிறகு காணேல்லை.'

"ரெண்டும் உயிரோட இருக்குதுகள்," என்றார் ஒஸ்வால்ட். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திசை எழுதேல்லையே," என்றார் புளோறன்ஸ். "எழுதிக் கேளுங்களேன்."

"வேண்டாம். அந்தப் பிள்ளையிட்ட இனி நான் ஒரு கேள்வியும் கேக்க மாட்டன்."

எரிவெள்ளி பற்றி அவருக்கு வந்த கடைசிக் கடிதம் அதுதான். கிடைத்த திகதி: 1998 பெப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை.