பம்பு டைட்டா கீது

துருப்பிடித்த இரும்பின் வாடை உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டால் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது; திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த அடிபம்பை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாடைதான். நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம், தினமும் நிறுத்தாமல் ஆறு குடம் அடிக்கிற அம்மா, மூன்றாவது குடத்திலேயே கைப்பிடியை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, "பம்பு டைட்டா கீதுயா" என்று நைனாவிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

நைனா கம்பெனியில் ஃபிட்டர். பம்பு என்றால் விடுவாரா? ஞாயிற்றுக்கிழமை அதன் தலையைக் கழற்றி, தோல் வாஷரை மாற்றி, கிரீஸ் தடவி, "இப்போ அடிச்சுப் பாரு, சும்மா வழுக்கிகினு போவும்" என்றார். அம்மா இரண்டு குடம் அடித்துவிட்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். "இன்னும் டைட்டாத்தான் கீது." அடுத்த வாரம் இன்னொரு வாஷர், அதற்கடுத்த வாரம் கைப்பிடி ஆணி.

எனக்கு ஒரே குழப்பம். நான் அடித்தால் ஒற்றைக் கையில் இறங்குகிற பம்பு அம்மாவுக்கு மட்டும் எப்படிக் கனக்கும்? நடிக்கிறாள் என்றே முடிவுகட்டி, "பம்புலாம் நல்லாத்தான் கீது, உனுக்குத்தான் ஒடம்பு வணங்கல" என்றேன், வாய்க்கொழுப்பாக. அம்மா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு நூர்ஜகான் அக்கா. ஒரு சாயங்காலம் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவின் கை பாதிச் சடையிலேயே இறங்கிவிட, என் பின்கழுத்தில் புஸ்புஸ்ஸென்று மூச்சு விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "இன்னாமே இது, தல பின்றதுக்கே மேமூச்சு கீமூச்சு வாங்குது! ஒம் பொண்ணு தலையிலயும் வாஷர் போச்சா? அண்ணாத்தே, பம்ப வுடு, மொதல்ல ஒம் பொஞ்சாதியப் பாரு" என்று கத்தினாள்.

டாக்டர் அம்மாவின் கீழிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையேம்மா, எப்படிக் குடம் தூக்கினே?" என்று கேட்டார். ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை. மூச்சு வாங்கினால் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்காரவேண்டும் என்று கண்டிப்பு வேறு. மூன்று மாதம் நானும் நைனாவும் மாறி மாறி அடித்தோம், அம்மா முக்காலியில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினாள். பிறகு ஒருநாள் எழுந்துவந்து நாலு குடம் நிறுத்தாமல் அடித்துவிட்டு, "இப்போதான் வாஷர் சரியா உக்காந்துகீது" என்றாள். கிண்டலா, இல்லை கடைசிவரை பம்பைத்தான் சந்தேகப்பட்டாளா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அந்த வாசலில் இப்போது மூன்று மாடிக் கட்டடம், பம்பு போய் மோட்டார் வந்துவிட்டது. அதில் இரண்டாம் மாடியில்தான் குடியிருக்கிறேன். ஒரு மாதமாகக் காய்கறிப் பையோடு ஏறினால் முதல் மாடியிலேயே நிற்கவேண்டியிருக்கிறது. "படிய இன்னா இவ்ளோ ஒசரமா கட்டிகிறானுங்க" என்று கட்டினவனைத் திட்டிக்கொண்டேதான் மீதியை ஏறுவேன். நேற்று என் மகள் டேப்பை எடுத்துவந்து ஒவ்வொரு படியாக அளந்தாள்.

"எல்லாம் ஒரே அளவும்மா. படி நல்லாத்தான் கீது."

எனக்குத் திட்ட வரவில்லை. பையை அவளிடம் கொடுத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, "நாளைக்கு லீவு போடு, டாக்டராண்ட போவணும்" என்றேன்.