பதிவேட்டில் இல்லாத பட்டம்

அந்த மருத்துவமனையில் எந்த டாக்டர் சேர்ந்தாலும், அவருடைய சான்றிதழ்கள் இரண்டாம் மாடியில் இருந்த குமாஸ்தா அக்காவின் மேசைக்கு வந்தாக வேண்டும். பதினெட்டு வருஷமாக அவளுக்கு அதே வேலை. முதுகுக்குப் பின்னால் அவளை 'பூதக்கண்ணாடி' என்பார்கள். காதில் விழும், கண்டுகொள்ள மாட்டாள்.

பழைய சர்ஜன் ஓய்வு பெற்றதும் புதிதாக ஒருவர் வந்தார். சிரித்த முகம், பணிவான பேச்சு. சரிபார்ப்பு முடிவதற்குள்ளேயே கண்காணிப்பாளர் ஆறு பேருக்கு ஆபரேஷன் தேதி குறித்துவிட்டார். ஆறில் ஒருவர் அவளுடைய கணவர். பஸ் டிரைவர், குடலிறக்கத்தோடு இரண்டு மாதமாக அல்லாடிக்கொண்டிருந்தார்.

மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் புது டாக்டரின் பெயர் இருந்தது. அடிப்படைப் பட்டமும் இருந்தது. அறுவை சிகிச்சை மேற்படிப்பு மட்டும் இல்லை. "பதிவுக்கு அனுப்பியிருக்கேன், வந்துடும்" என்றார் அவர். அவள் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டாள்.

கண்காணிப்பாளர் குதித்தார். "மூணு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல நின்னு படிச்ச மனுஷன்மா! உங்க ஒரு கையெழுத்துக்காக ஆறு பேரைக் காக்க வைப்பீங்களா?"

"படிச்சது வேற, பாஸ் பண்ணினது வேற சார். பதில் வரட்டும்."

வீட்டிலும் இதே பாட்டுதான். "நான் வலியில துடிக்கிறேன், நீ பேப்பரைப் புரட்டிக்கிட்டு இருக்கே" என்றார் கணவர்.

"லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட உங்க பஸ்ஸைக் குடுப்பீங்களா?"

"நல்லா ஓட்டுறவனா இருந்தா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. பயிற்சி முடித்திருக்கிறார், இறுதித் தேர்வில் இரண்டு முறை தவறியிருக்கிறார், பட்டம் வழங்கப்படவில்லை. அப்படியானால் அவர் கொடுத்த மேற்படிப்புச் சான்றிதழ் போலி. கண்காணிப்பாளர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பேனாவை எடுத்து ஆறு தேதிகளையும் அடித்தார்.

மாலையில் அந்த டாக்டர் அவள் அறைக்கு வந்தார். "தவறினதை எங்க அம்மாகிட்டகூடச் சொல்லலை. ஆனா என் கை தப்பு பண்ணினதே இல்லைங்க."

"இருக்கலாம் டாக்டர். அதைச் சொல்ல வேண்டியது நீங்களும் இல்லை, நானும் இல்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டே போனார். பிறகு கவுன்சில் விசாரித்து இரண்டு வருஷம் அவர் வைத்தியம் பார்க்கத் தடை போட்டது. அந்த உத்தரவைக் கோப்பில் அவள்தான் சேர்த்தாள். கெட்டவர் என்று அவரை நினைக்க அவளால் முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து, வேறு ஊரிலிருந்து ஒரு பெண் சர்ஜன் வந்து சேர்ந்தார். கணவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை அவர் படுக்கையிலிருந்தே கேட்டார்: "அந்தம்மா பேப்பரைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எத்தனை தரம்?"

"மூணு."

சிரிக்கப் போனவர், தையல் இழுத்ததும் "ஐயோ" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.