பிள்ளைக்காம்பராவில் பால் கொடுத்துப் போனவள்

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி, கனவில் வந்து சொன்னது என்று யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுகிற ஆள் நான். திருச்சியில் கல்லூரி விடுதியில் ஓர் அறையில் ஏதோ நடமாடுகிறது என்று ஒருத்தியும் தங்க மாட்டேன் என்றபோது, தனி அறை, நல்ல ஜன்னல், மின்விசிறியும் ஓடுகிறது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், படிப்பு முடிகிற வரைக்கும் அங்கேயே நிம்மதியாகத் தூங்கியவள். படித்தது புள்ளியியல். ஒரே ஒரு தடவை நடந்த விஷயத்தை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற படிப்பு. எனக்கு நடந்ததும் ஒரே தடவைதான், அதனால் நீங்கள் இதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதுகலைக்கு ஒரு வருடம் இலங்கையில் இருந்தேன், கண்டிப் பக்கம். மகள் வெளிநாட்டில் படிக்கிறாள் என்று அம்மா கரூர் முழுக்கச் சொல்லியிருந்தாள். லண்டனா, கனடாவா என்று ஆசையாகக் கேட்டவர்கள் இலங்கை என்றதும் பேச்சை மாற்றிவிட்டார்களாம். வெளிநாட்டு மாணவர்கள் எல்லோரும் எங்காவது தொண்டு செய்து சான்றிதழ் வாங்கிவர வேண்டும் என்று ஒரு விதி. என்னோடு இருந்த நேபாளத்துப் பெண் கடலோரத்தில் ஆமைக்குஞ்சு காப்பாற்றுகிற வேலையைப் பிடித்துக்கொண்டாள், தினமும் சிரித்த முகத்தோடு படம் அனுப்புவாள். எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் தேயிலைத் தோட்டம் என்று எழுதிவிட்டார்கள். ரயிலில் வந்து றொசல்லயில் இறங்கி, மேலே மூச்சு வாங்க நடந்தால் ஒரு தோட்டம், அதில் ஒரு பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. நீளமான தகரக்கூரை அறை, உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், மூலையில் ஓர் அடுப்பு. பக்கத்தில், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில், காலியாகக் கிடந்த ஒரு காம்பராவில் எனக்குத் தங்கல்.

தொண்டு செய்தால் மனசு நிறையும் என்று பல்கலைக்கழகத்தில் வகுப்பே எடுத்தார்கள். மனசு நிறைந்ததோ இல்லையோ, இடுப்பு விட்டுப்போனது. ஒன்று தூங்கினால் இன்னொன்று எழும், அதைத் தூக்கினால் மூன்றாவது நனைத்திருக்கும். துவைத்த துணி எதுவும் காயாது, ஏனென்றால் அங்கே வைகாசியில் பிடிக்கிற மழைக்கு நிற்கிற பழக்கமே கிடையாது. போதாததற்கு, இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஏறாமல் ஊருக்குப் போவாயா என்று எல்லோரும் நச்சரித்ததால், யாத்திரை சீசன் முடிகிற சமயத்தில் நல்லதண்ணிக்குப் பஸ் பிடித்துச் சிவனொளிபாத மலையும் ஏறிவிட்டு வந்திருந்தேன். உச்சியில் சூரிய உதயம் பார்க்கலாம் என்றார்கள், நான் பார்த்தது மேகத்தின் உள்பக்கத்தை. இறங்கி வந்த நாளிலிருந்து முட்டி இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. ராத்திரி அம்மா போன் பண்ணினால் சாப்பிட்டாயா என்பாள், சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவேன்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பு சகாயமேரி அக்கா. ஐம்பது தாண்டியவர், அந்தத் தோட்டத்தில் இப்போது மீசை வைத்துக்கொண்டு திரிகிற பாதிப் பேரைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். அதிகம் பேச மாட்டார். அவர் பேசாமல் ஒரு பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். நான் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது கனிஷ்காவை.

கனிஷ்காவுக்கு எட்டு மாதம். அவள் அம்மா புவனா, பிள்ளைக்கு ஐந்து மாதம் நடக்கும்போது ஓமானுக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். லயத்துக் காம்பராவை விட்டுத் தனியாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்ற ஆசை, அதற்கு இரண்டு வருடம். அங்கே அவளுடைய பாஸ்போர்ட்டும் போனும் வீட்டுக்கார அம்மா கையில். வெள்ளிக்கிழமை மட்டும் சிறிது நேரம் போனைக் கொடுப்பார்களாம். அப்பா யோகேஸ் தினமும் காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன்னால், பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவான்.

பிள்ளை பால் குடிக்கவில்லை. அதுதான் விஷயம், எல்லாமே அதுதான். போத்தலைப் பார்த்தாலே வாயை இறுக்கிக்கொள்வாள். சங்கு, கரண்டி, துணியை நனைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவது என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது, பாதியை நாக்காலேயே வெளியே தள்ளிவிடுவாள். சத்துமாக் கஞ்சியும் அப்படித்தான். பிள்ளைக்குப் பால் கொடுக்க வருகிற அம்மாக்களில் இரண்டு பேர் தாங்களாகவே அவளை எடுத்து மடியில் போட்டுப் பார்த்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தூக்கினால் நனைந்த துண்டு அளவுக்குக்கூடக் கனம் இல்லை. அடுத்த திங்கட்கிழமை நிறுக்கும்போது இன்னும் இறங்கியிருந்தால் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டியதுதான் என்று மிட்வைஃப் சொல்லிவிட்டுப் போயிருந்தார். புவனாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிட வேண்டாம் என்று யோகேஸ் எங்கள் எல்லோரையும் கும்பிட்டுக் கேட்டிருந்தான். சொன்னால் அவளால் அங்கே இருக்கவும் முடியாது, வரவும் முடியாது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மத்தியானம் பால் கொடுக்க வந்த அம்மாக்கள் கொடுத்துவிட்டுத் திரும்பவும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். ஒரு பையனுக்குக் காய்ச்சல் கொதித்ததால் சகாயமேரி அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு கீழே டிஸ்பென்சரிக்குப் போய்விட்டார். மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. கனிஷ்கா காலையிலிருந்து எதையும் உள்ளே விடவில்லை. அழுதுகொண்டிருந்தவள் ஒரு கட்டத்தில் சத்தம் வராமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். குடிச்சுத் தொலையேன்டி என்று சொல்லி நானும் அழுதேன். பாசத்தால் என்று சொல்ல மாட்டேன். உடம்பில் இனி ஒன்றும் மிச்சமில்லை என்கிறபோது வருகிற அழுகை.

அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும், களைப்பில் கண் அசந்திருப்பாய் என்பீர்கள். நம்பினால் நம்புங்கள், நான் தூங்கவில்லை. ஒரு காலால் பக்கத்துத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும், தலையைச் சுற்றி ஒரு துணி போட்டிருந்தாள். மழைக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளைகளின் அம்மாக்களில் ஒருத்தி இல்லை என்று மட்டும் தெரிந்தது. சகாயமேரி அக்கா கீழே யாரிடமோ சொல்லி, பால் உள்ள பெண் ஒருத்தியை அனுப்பியிருக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மேரியக்கா அனுப்பினாங்களா என்று கேட்டதற்கு அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கொடுத்துவிட்டேன். யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்றுதான் இருந்தது.

எல்லா அம்மாக்களும் உட்காருகிற மாதிரியே மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும் என்று காத்திருந்தேன். அழுகை வரவில்லை. மழை கொஞ்சம் அடங்கியபோது விழுங்குகிற சத்தம் கேட்டது, மடக் மடக்கென்று, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பவும். அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல, பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்று திரும்பி உட்கார்ந்து துணிகளை மடித்தேன். நீண்ட நேரம் கொடுத்தாள். ஒரு தடவை மட்டும் ‘ஸ்’ என்று வலியில் மூச்சை இழுத்த மாதிரி இருந்தது.

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது, “கீழ போட்டுறாதீங்க மிஸ், ஏங்கிப் போயிருவா. தோள்லயே வச்சிருங்க” என்றாள்.

நாளைக்கும் வருவீர்களா என்று கேட்டேன்.

“விட மாட்டாங்க. இன்னைக்கே தெரியாமத்தான் வந்தேன்.”

கங்காணியைச் சொல்கிறாள், வேலை நடுவில் விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் வாசலைத் தாண்டினாள், மழை பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கனிஷ்கா பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, கடைவாயிலிருந்து பால் ஒழுகி என் தோள் நனைய, அப்படியே தூங்கிப்போனாள்.

சகாயமேரி அக்கா திரும்பி வந்ததும் நான் முதலில் சொன்னது நன்றி. அவர் ஈரக் குடையை மடக்காமல் நின்றார். “நான் யாரையும் அனுப்பலையே மிஸ்” என்றார். ஆள் எப்படி இருந்தாள் என்று கேட்டார். முகம் சரியாகச் சொல்ல வரவில்லை, ஆனால் கையைச் சொன்னேன், பிள்ளையை வாங்கும்போது தொட்டது நினைவிருந்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த மாதிரி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, தரை துடைக்கிற மருந்து வாசனை. அக்கா தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். கொழுந்து எடுக்கிற கையில் கறுப்புக் கறை ஏறியிருக்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது, அது எனக்கும் தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை. பிறகு என் தோளில் ஊறியிருந்த ஈரத்தைக் குனிந்து முகர்ந்து பார்த்தார். மாவுப் பால் இல்லை, தாய்ப்பால்தான் என்றார். அந்தத் தோட்டத்தில் பால் கொடுக்கிற பெண்கள் எல்லோரையும் அன்று சாயங்காலமே கேட்டுவிட்டோம், மழைக்குப் பயந்து ஒருத்தியும் இரண்டாவது தடவை மலையிலிருந்து இறங்கவே இல்லை.

நான் விடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு உறவு பார்க்க வந்தவள், விஷயம் கேள்விப்பட்டு மனசு கேட்காமல் வந்திருப்பாள் என்று விளக்கம் தயார் செய்தேன். டவுனில் வீட்டு வேலை செய்கிறவளாக இருந்தால் கை அப்படி வெளுக்கும்தானே. மறுநாள் காலையில் கனிஷ்கா ஒரு ரகளையும் இல்லாமல் போத்தலைப் பிடித்துக் குடித்தாள். சில பிள்ளைகள் அப்படித்தான், திடீரென்று பிடிவாதம் விட்டுப்போகும் என்று மிட்வைஃபும் பிறகு சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், யோசிக்கத் தெம்பில்லை, பிள்ளை குடிக்கிறாள், மற்றது எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கவே மாட்டேன்.

வெள்ளிக்கிழமை யோகேஸ் போனைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பரா வாசலுக்கே வந்தான், அவன் இருக்கிற லயத்துப் பக்கம் சிக்னல் கிடைக்காது. நடந்தது எதையும் புவனாவிடம் சொல்வதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். திரையில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது. அவளைத்தான் நான் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். ஆமாம் என்று சத்தியம் செய்ய முடியாது, இல்லை என்றும் முடியாது. இந்தியாவிலிருந்து வந்த மிஸ், பாப்பாவை இவங்கதான் பார்த்துக்கிறாங்க என்று யோகேஸ் என் பக்கம் போனைத் திருப்பினான். நான் கனிஷ்காவை மடியில் வைத்துக்கொண்டு சிரித்து வைத்தேன். அவள் சிரிக்கவில்லை. என்னை நெடுநேரம் பார்த்தாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனை எடுத்ததும் பாப்பா பால் குடிக்கிறாளா என்றுதான் அவள் கேட்பாளாம், யோகேஸ் பிறகு சொன்னான். அன்றைக்கு அதைக் கேட்கவே இல்லை.

“என்னங்க, பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருக்கா?” என்றாள்.

இன்னும் இல்லை என்று யோகேஸ் சொன்னான். அதற்கெல்லாம் நாள் இருக்கிறது என்று சகாயமேரி அக்காவும் பின்னாலிருந்து சொன்னார்.

“மொளச்சிருக்கு. கீழ்ப் பக்கம் பாருங்க மிஸ்.”

கனிஷ்காவின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டுத் தடவினேன். கீழ் ஈறில், நடுவில், அரிசி நொய் அளவுக்கு ஒன்று நறுக்கென்று தட்டுப்பட்டது. அக்காவைப் பார்த்தேன், அவரும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். பெற்றவனுக்குத் தெரியாது, நாள் முழுக்கத் தூக்கி வைத்திருந்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

இருக்கிறது என்று போனைப் பார்த்துச் சொன்னேன். புவனா ஆச்சரியப்படவில்லை. உள்ளங்கையை இடது மார்பின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

“செவ்வாக்கெழமையே கடிச்சிட்டா மிஸ். இன்னும் எரியுது” என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ கூப்பிடுகிற சத்தம், திரை இருட்டிவிட்டது. சிக்னல்தான் போய்விட்டது என்று யோகேஸ் போனை உயர்த்தி உயர்த்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என் விரல் இன்னும் பிள்ளையின் வாய்க்குள்ளேயே இருந்தது, அவள் அதைக் கடித்தாள், அவ்வளவு சின்னப் பல்லுக்கு அவ்வளவு வலி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஊருக்கு வந்து இவ்வளவு நாளாகிவிட்டது, சான்றிதழும் வந்துவிட்டது. பேச்சுக்கு நடுவில் அந்த விரலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருக்கிறேன் என்று அம்மா சொல்கிறாள், இப்போதும் பாருங்கள், அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.