ரிக்‌ஷாவில் வந்த லீவு வேலை

என் மகள் பள்ளிக்கூடத்தில் இன்று என்ன படித்தாள் என்பது, அவள் படித்து முடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடுகிறது. அடையாறில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பெற்றவர்கள் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது. வகுப்புக்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு. காலையில் பின்னம் நடந்தது என்று செய்தி. ஆதாரமாக, ஒரு சப்பாத்தியை நான்காகக் கிழித்து வைத்த படம். கொஞ்ச நேரத்தில் மண்புழு. மத்தியானம் என் மகள் அந்த மண்புழுவைப் பார்த்து அருவருக்கும் படம். விடுமுறை வந்துவிட்டால் செய்ய வேண்டிய வேலைகள் பிடிஎஃப்பாக வந்து இறங்கும். போன தடவை வந்ததைப் படித்து முடிப்பதற்குள் விடுமுறையே முடிந்துவிட்டது. ஒவ்வொரு செய்திக்கும் கீழே பெற்றோர்கள் வரிசையாகக் கைகூப்புகிறார்கள். நானும் கூப்புகிறேன். கைகூப்பாத தகப்பனைப் பற்றி மற்ற தகப்பன்கள் என்ன நினைப்பார்கள் என்ற பயம்தான். மற்றபடி எனக்குப் பின்னமும் தெரியாது, மண்புழுவிடமும் எந்தக் கோபமும் கிடையாது.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது இந்த வேலை முழுவதையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டார். அவர் எங்கள் ரிக்‌ஷாக்காரர்.

மயிலாப்பூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். டைரி, சர்க்குலர் என்றெல்லாம் அங்கே எதுவும் அச்சாகாது. வீட்டுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எங்கள் டீச்சர் சாயங்காலம் வாசலுக்கு வந்து அவரைக் கைதட்டிக் கூப்பிடுவார். வகுப்பில் பாதிப் பேர் அவருடைய சைக்கிள் ரிக்‌ஷாவில்தான் வந்தோம். சீட்டில் சிலர், எதிர்ப் பலகையில் சிலர், கால் வைக்கும் இடத்தில் மீதிப் பேர். பைகள் பின்னால் கொக்கியில் தொங்கும். டீச்சர் சொல்வதை அவர் கைலியின் நுனியைப் பிடித்துக்கொண்டு பவ்யமாகக் கேட்பார். பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மணியடித்து அம்மாக்களை வரவழைத்துச் சொல்லிவிட்டுப் போவார்.

என்ன சொல்லிவிட்டுப் போவார் என்பதில்தான் சிக்கல். விதை முளைப்பதைக் காட்டுவதற்காகப் பஞ்சும் அவரை விதையும் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். இவர் வீடு வீடாக, “பஞ்சும் அவரைக்காயும்மா” என்று சொல்லிவிட்டார். மறுநாள் மேசை மேல் குவிந்த அவரைக்காயை டீச்சர் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டார். அந்த வாரம் அவர் டிபன் பாக்ஸில் என்ன பொரியல் இருந்தது என்பது வகுப்புக்கே தெரியும். இன்னொரு முறை, சுதந்திர தினத்துக்குக் கொடி செய்ய வண்ணக் காகிதம் வேண்டும் என்பது, “கொடி கொண்டாரணுமாம்” என்று போய்ச் சேர்ந்தது. ஒரு பையனின் அப்பா ஒரு கட்சியின் வட்டச் செயலாளர். அவன் தன் வீட்டில் இருந்த கொடியைக் கொண்டுவந்து விரித்தான். அது அந்தக் கட்சிக் கொடி. தலைமையாசிரியை தாமே வந்து அதைச் சுருட்டிக் கொடுக்கும்படி ஆயிற்று.

பிள்ளைகளைப் பற்றிய சேதியும் மாறித்தான் போகும். எங்கள் ரிக்‌ஷாவில் வந்த ஒரு பெண் பக்கத்து பெஞ்சுப் பையனின் தோளைக் கடித்து ரத்தம் வரவழைத்துவிட்டாள். “இவங்கம்மாகிட்ட கண்டிச்சு வைக்கச் சொல்லுப்பா” என்று டீச்சர் கொதித்ததை நானும் கேட்டேன். அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் அவர் சொன்னது இது:

“பாப்பாக்கு காலைல நல்லா துன்னக் குடுத்து அனுப்பச் சொல்லிச்சும்மா டீச்சரு. பசி தாங்க மாட்டேங்குதாம்.”

பாவம், மறதி ஜாஸ்தி என்று நாங்கள் அவருக்காக வருத்தப்பட்டோம்.

இப்போது என் கதை. மூன்றாம் வகுப்பின் பாதி வரைக்கும் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் அது யாருக்கும் தெரியாது. காரணம், பாடங்களையெல்லாம் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவேன். புத்தகத்தைக் கையில் பிடித்து, சரியான இடத்தில் மூச்சுவிட்டு, சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பிக் கடகடவென்று ஒப்பிப்பேன். பார்ப்பவர்களுக்கு நான் படிப்பது போலவே இருக்கும். எனக்கேகூட அப்படித்தான் இருந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று டீச்சருக்கு என்ன தோன்றியதோ, பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, “இது என்ன?” என்றார். நான் பாடத்தின் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். “முதல்லேர்ந்து வேணாம். இது மட்டும்” என்றார். மறுபடியும் முதல் வரியிலிருந்துதான் என்னால் வர முடிந்தது.

அன்று சாயங்காலம் வாசலில் கைதட்டல் கேட்டது. நான் ரிக்‌ஷாவின் கால் வைக்கும் இடத்தில் குந்தியிருந்தேன். ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது.

“இந்தாப்பா, இவங்கப்பாவை என்னை வந்து பார்க்கச் சொல்லு. பையனுக்குப் படிக்கவே வரல. இத்தனை நாளா ஏமாத்தியிருக்கான். லீவுல உட்காரவெச்சு ஏதாவது பண்ணினா உண்டு. இல்லாட்டி அடுத்த வருஷமும் அவன் என்கிட்டதான்.”

எனக்கு அடுத்த வருஷத்தைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் அன்று சாயங்காலத்தைப் பற்றித்தான். என் அப்பா அரசாங்க அலுவலகத்தில் செக்ஷன் சூப்பிரண்டு. வீட்டில் அதிகம் பேசமாட்டார். காலாண்டுத் தேர்வில் கணக்கில் நான் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்தபோதும் பேசவில்லை. இடுப்பு பெல்ட்டைத்தான் கழற்றினார். அது ஒரு காலை நேரம். ரிக்‌ஷா வாசலில் நின்றுகொண்டிருந்தது. வீங்கின முகத்தோடு நான் ஏறியபோது ரிக்‌ஷாக்காரர் இறங்கி வந்தார். என்னைத் தூக்கி முன்னால் பார் மேல் உட்காரவைத்து, பள்ளிக்கூடம் வரும்வரை மணியை நானே அடித்துக்கொள்ளலாம் என்றார். மற்ற நாட்களில் அந்த மணியை யாரையும் தொடவிடமாட்டார்.

இப்போது ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடு கடைசி. என் ஒரே நம்பிக்கை அவருடைய மறதிதான்.

எங்கள் வாசலில் மணியடித்தார். என் துரதிர்ஷ்டம், அன்று அப்பா சீக்கிரமே வந்திருந்தார். அம்மாவுக்குப் பின்னால் அவரும் வந்து நின்றார்.

“டீச்சரு லீவுக்கு வேலை குட்த்துகீது சார்” என்றார் ரிக்‌ஷாக்காரர்.

“என்ன வேலை?”

அவர் துண்டை எடுத்து முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டார். பிறகு கழுத்தையும் துடைத்தார்.

“டெய்லி சாயங்காலம் புள்ளைய ரோட்ல இட்டுக்கினு போவணுமாம். கட போர்டு, பஸ்ஸு போர்டு, சொவுத்துல எழுதிக்கிறது, அல்லாத்தையும் புள்ள படிக்கணுமாம். அப்பாதான் இட்டுக்கினு போவணும்னு கண்டிசனா சொல்லிச்சு சார்.”

“எழுத்துபூர்வமா எதுவும் தரலையா?”

“வாயால சொன்னா போதும்னுச்சு.”

“எல்லாப் பசங்களுக்குமா?”

“அல்லாருக்கும்தான்” என்றார் அவர் கூசாமல். “அப்புறம் சார்... புள்ள தப்பா படிச்சா திட்டக் கூடாதாம், அடிக்கக் கூடாதாம். அடிச்சா கண்டி, பயந்து மெர்சலாயி படிச்சதெல்லாம் மறந்துடுமாம். அத்த மெயினா சொல்லச் சொல்லிச்சு.”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா சிரிக்கவில்லை. மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் அதில் நியாயம் இருக்கிறதா என்று அவர் ஒருநாளும் ஆராய்ந்ததில்லை. நிறைவேற்றுவதுதான் அவருக்குத் தெரியும்.

மறுநாளே ஆரம்பித்தோம். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, விபூதி இட்டுக்கொண்டு, ஏதோ இன்ஸ்பெக்ஷனுக்குப் போவதுபோல் புறப்பட்டார். விதி எளிது. ஒரு போர்டை நான் படித்து முடித்தால்தான் அடுத்ததற்கு நகரலாம். முதல் நாள் நாங்கள் தெருமுனையைத் தாண்டவில்லை. ‘சைக்கிள்கள் இங்கே நிறுத்தக் கூடாது’ என்பதில் ‘நிறுத்த’ வருவதற்குள் தெரு விளக்கு எரிந்துவிட்டது. அந்த போர்டை மாட்டியிருந்த மாவு மெஷின்காரர் வெளியே வந்து, “என்ன சார், ஏதாவது கம்ப்ளெயின்ட்டா?” என்று கேட்டார். அப்பாவின் கை இரண்டு தடவை பெல்ட் பக்கம் போனது. உத்தரவு ஞாபகம் வந்து திரும்பியது.

ஆனால் போர்டுகளுக்கு முதல் வரி கிடையாது. மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளவும் வழியில்லை. இன்றைக்குப் படித்த ‘சாப்பாடு தயார்’ நாளைக்கு ‘இன்று விடுமுறை’ ஆகியிருக்கும். வேறு வழியில்லாமல் எழுத்துகளைப் பார்க்க ஆரம்பித்தேன். மார்கழி மாதம் வேறு. சபா வாசல்களில் வித்வான்களின் பெயர்கள் அவர்கள் ஊரோடும் பட்டங்களோடும் மூச்சுமுட்ட நீண்டு கிடக்கும். ஒரு மிருதங்க வித்வானைப் படித்து முடிக்கும்போது உள்ளே தனி ஆவர்த்தனமே முடிந்திருந்தது. சுவர்களில் மூலம், பவுத்திரம் விளம்பரங்கள் வரும். அவற்றை நான் கணீரென்று படித்து, “பவுத்திரம்னா என்னப்பா?” என்றால், “அடுத்த போர்டுக்கு வா” என்பார்.

ஒருநாள் நீளமான ஒரு சுவர் கிடைத்தது. பெரிய பெரிய எழுத்துகள். நான் உற்சாகமாக, உரக்க ஆரம்பித்தேன். “இங்... கு... சிறு... நீர்...”

சுவரின் மறுகோடியில் அந்த வாக்கியத்துக்கு நேர் எதிரான காரியத்தில் ஈடுபட்டிருந்த ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “தம்பி, அவசரம்டா, கத்தாத” என்றார் பரிதாபமாக.

அப்பா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “ஒண்ணும் இல்லைங்க, பையன் படிக்கிறான். ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. நீங்க பாருங்க” என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. என் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனார். திருப்பத்தைத் தாண்டியதும் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்வரிசையில் ஒரு தங்கப் பல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் தூரம் போனோம். லஸ் தாண்டினோம், ராஜா அண்ணாமலைபுரம் வரை போனோம். மழை பெய்தால் குடையோடு போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, போர்டுகள் அதிகம் என்பதால், பஸ் ஏறி தி.நகருக்கே போனோம். வேர்க்கடலை வாங்கித் தந்தால், அந்தப் பொட்டலக் காகிதத்தில் இருப்பதைப் படித்த பிறகுதான் கடலை. பாதியில் கிழிந்த செய்திகளுக்கு மீதி என்னவாயிருக்கும் என்று அப்பாவே கற்பனை செய்து சொல்லிக்கொண்டு வருவார். வீட்டில் பேசாத மனிதர் தெருவில் அவ்வளவு பேசினார்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். ஆபீசுக்கு பர்மிஷன் சொல்லியிருந்தார்.

“நானும் வரேன். உத்தரவை முடிச்சாச்சுன்னு டீச்சர்கிட்ட ரிப்போர்ட் பண்ணணும்.”

ரிக்‌ஷாக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. “நீ எதுக்கு சார் பேஜார் பட்ற? நான் சொல்லிக்கிறேன் சார்.”

“இல்லப்பா, நேர்ல சொல்றதுதான் மரியாதை.”

“டீச்சருக்கு ஒடம்பு சரியில்லன்னு பேசிக்கினாங்க சார்.”

“அப்ப ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்துச் சொல்றேன்.”

அப்பா ஏறி உட்கார்ந்தார். என்றைக்கும் கழலாத செயின் அன்றைக்கு வழியெல்லாம் கழன்றது. ஒவ்வொரு தடவையும் இறங்கி அதை மாட்ட ரிக்‌ஷாக்காரர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எனக்கும் போய்ச் சேரும் அவசரம் இல்லை. டீச்சர் உண்மையில் சொல்லி அனுப்பியது என்னவென்று எனக்குத் தெரியும் அல்லவா? இன்னும் சற்று நேரத்தில் அப்பாவுக்கும் தெரிந்துவிடும்.

டீச்சர் வாசலிலேயே, நல்ல ஆரோக்கியத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“வணக்கம்மா” என்றார் அப்பா. “நீங்க சொல்லியனுப்பிச்ச லீவு வேலையை முடிச்சாச்சு.”

“நான் சொல்லியனுப்பிச்ச...?”

“தினம் சாயங்காலம் அப்பாவே கூட்டிக்கிட்டுப் போய் போர்டெல்லாம் படிக்க வைக்கணும்னு. ஒருநாள்கூட விடலை. நீங்க சொன்னபடி அடிக்கவும் இல்லை.”

டீச்சர் அப்பாவைப் பார்த்தார். பிறகு ரிக்‌ஷாக்காரரைப் பார்த்தார். அவர் குனிந்து பின் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. பிறகு டீச்சர் என்னைப் பார்த்து, கதவுக்கு மேலிருந்த பலகையைக் காட்டினார்.

“இது என்ன?”

நான் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக ஏறினேன். “அனு... மதி... அனுமதி... இன்றி... உள்ளே... வரக்... கூடாது.”

அப்பா சட்டென்று இரண்டடி பின்வாங்கி, கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

டீச்சர் சிரித்துவிட்டார். “வாங்க சார், உள்ள வாங்க. ஆமா, நான்தான் சொல்லியனுப்பிச்சேன்.”

“மேற்கொண்டு என்ன செய்யணும்?”

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். “அதை இவர்கிட்டயே சொல்லியனுப்பறேன்” என்று ரிக்‌ஷாக்காரரைக் காட்டினார். அவர் அப்போதுதான் நிமிர்ந்து, தலையைச் சொறிந்தார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். இவருக்குத்தான் மறதி என்று நினைத்தால், டீச்சருக்கும் அதே வியாதி. தாம் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு ஞாபகமில்லை. இரண்டு பேரும் மறந்ததால் நான் பிழைத்தேன் என்று முடிவுகட்டினேன்.

ஆனாலும் ரிக்‌ஷாக்காரரை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. அன்று சாயங்காலம் திரும்பும்போது அவரிடம், “நீங்க அன்னிக்குத் தப்பா சொல்லிட்டீங்க. டீச்சர் சொன்னது வேற” என்றேன்.

“அப்டியா நைனா? இன்னா பண்றது, மண்டைல ஒண்ணியும் நிக்க மாட்டேங்குது.”

அவருக்கு உதவுவது என் கடமை என்று தோன்றியது. அன்று முதல் டீச்சர் என்ன சொல்லி அனுப்பினாலும் வழிநெடுக அதை அவருக்குத் திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டே வருவேன். மனப்பாடத்தில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே. அவரும் மிதித்துக்கொண்டே, “சரி நைனா, மறக்க மாட்டேன் நைனா” என்று பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். எங்கள் வாசலுக்கு வந்து மணியடித்து, வாயைத் திறந்தால் வேறு ஏதோ சொல்வார். வருஷம் முடியும்வரை முயன்று பார்த்தேன். எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் சிலருக்கு வராது என்று கடைசியில் விட்டுவிட்டேன்.