முப்பத்து மூன்றுக்கு வரவேண்டிய மாபிள்

ஹஃபீலா டீச்சரை ஐந்தாம் வகுப்பிலிருந்து மாற்றச் சொல்லி பள்ளிக்கூட அதிபருக்குக் கொடுத்த மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. முதலாவது என் மனைவி முனவ்வராவுடையது. இரண்டாவது ஆளைக் கேட்காதீர்கள்; அவர் இப்போது டீச்சரைப் புகழ்ந்துகொண்டு திரிகிறார்.

டீச்சர் கற்பிட்டியிலிருந்து எங்கள் ஊர் குறிஞ்சிப்பிட்டிக்கு ஸ்கூட்டியில் வருவார். காற்றுக் காலத்தில் அந்த ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டவே தனித் தைரியம் வேண்டும். ஆள் மெலிவு, குரல் மட்டும் மைதானம் தாண்டிக் கேட்கும். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து வந்த குடும்பம். அகதி முகாமின் ஓலைக் கொட்டிலில் படித்தபோது மணலில் விரலால் கணக்குப் போட்டதாகச் சொல்வார்.

என் வெங்காயத் தோட்டத்தில் மிஞ்சிய பைப் துண்டுகளைக் கேட்டார். பாவமே என்று கொடுத்தேன். பிள்ளைகள் அவற்றை நீளவாக்கில் பிளந்து, வேலிக்கு நடும் கிளிசரியா கம்புகளில் கட்டி, கண்ணாடி மாபிள் குண்டு உருண்டு வரப் பாதை செய்தார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கு நான்கே மாதம் இருக்கும்போது!

கணக்கு என்றால் சரிவை அளப்பார்கள். தமிழ் என்றால் அன்று கட்டியதை எழுதுவார்கள். வளைவுத் துண்டு வேண்டுமென்று பாலாவியில் பைப் கடை வைத்திருக்கும் முதலாளிக்குச் சிங்களத்தில் கடிதம் போட்டார்கள். வரிக்கு வரி பிழை, ஆனாலும் மனிசன் ஒரு பை நிறைய அனுப்பிவிட்டார். நேரம் பார்க்க மணிக்கூடு இல்லை. "சுப்ஹானல்லாஹ் முப்பத்து மூணு தரம் சொல்லி முடிய மாபிள் கீழ வரணும்" என்றாராம் டீச்சர். நுஸ்கி என்றொரு வாலுப்பயல் ஒரே மூச்சில் ஓதித் தள்ளுவான், மற்றவர்கள் இழுப்பார்கள். எல்லாருடைய எண்ணிக்கையையும் எழுதிக் கூட்டிப் பிரித்துச் சராசரி படித்தார்கள்.

"மாபிள் உருட்டியா புள்ள பாஸாகப் போறா?" என்று முனவ்வரா பொரிந்தாள். எங்கள் மகள் நிஃப்லா வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. கேள்வி கேட்டால் கண்ணீர்தான் பதில். பரீட்சையாவது அவளைக் கரையேற்றும் என்று நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கையில் மண் விழுகிறதே என்ற பயத்தில்தான் கையெழுத்துப் போட்டோம்.

அதிபர் பெற்றோரைக் கூப்பிட்டார். "இதை ஒருக்கா பாத்துட்டு முடிவெடுப்பம்" என்றார். எல்லாரும் மைதானத்தில் கூடி நின்றோம். முனவ்வரா நன்றாகப் பார்க்கவேண்டுமென்று முன்னுக்கே போய் நின்றாள்.

நுஸ்கி மாபிளை விட்டான். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவதில் நின்றுவிட்டது. திரும்ப விட்டான். அதே இடத்தில் நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் முகம் வெளுத்துப்போயிற்று, ஆனால் ஒரு கம்பைக்கூட அவர் தொடவில்லை.

"உம்மா, காலை எடுங்க."

நிஃப்லாவின் குரல். நான் திரும்பிப் பார்த்தேன். அவளேதான், அத்தனை பேருக்கு முன்னால்.

"நீங்க கம்புக்குக் கிட்ட மிதிச்சிட்டு நிக்கிறீங்க. இது மணல்தானே, கம்பு சாயுது. பைப் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஒசந்துட்டு. அதான் மாபிள் ஏற ஏலாம நிக்கிது. கோட்டுக்கு அங்கால நிக்கணும்."

கம்புகளைச் சுற்றி மணலில் ஒரு கோடு இருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றி அந்த மண்ணை இறுக்குவது நிஃப்லாவின் வேலையாம். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

முனவ்வரா மகளையே பார்த்தபடி கோட்டுக்கு வெளியே வந்தாள். நிஃப்லா முழங்காலிட்டுக் கம்பை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, மண்ணைக் கையால் அமுக்கி இறுக்கினாள்.

"இப்ப விடு" என்றாள் நுஸ்கியிடம்.

பிள்ளைகள் ஒரே குரலில் ஓதத் தொடங்கினார்கள். மாபிள் மூன்றாவது வளைவைத் தாண்டியது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை, முனவ்வராவைத்தான் பார்த்தேன். கண் நிறைந்திருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது, விரலும் கூடவே எண்ணியது. மாபிள் டக்கென்று கீழே தகர டின்னில் விழுந்தது.

அதிபர் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன சொல்றீங்க?" என்று முனவ்வராவைக் கேட்டார்.

அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்தொண்டுலயே வந்துட்டு, டீச்சர். இன்னும் ரெண்டு குறையுது. நாளைக்குச் சரிவைக் கொஞ்சம் கொறைச்சுப் பாருங்க."