முந்தானையில் முடிந்த ஒரு பிடி அரிசி

மலாயாவில் அவசரகாலம் நடந்த வருஷங்கள். கோலசிலாங்கூரில் புக்கிட் பெலிம்பிங் தாண்டி உள்ளே போனால் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் லயத்து வாசலில் இருந்தவர்கள் இவர்கள். என் வீட்டுக்காரர். அவர் தம்பி, என் கொழுந்தன். பக்கத்து வீட்டு அக்கா, கையில் ஒரு கடிதத்தோடு. என் பெரிய மகள், ஏழு வயது. சின்னவள், மூன்று வயது. அப்புறம் நான்.

எந்த மாநிலத்துக்குப் போவது என்று பேச்சு. போவது என்று முன்பே முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் பாக்கி.

"ஜொகூர்ல சம்பளம் கூட. கூட்டாளி சொன்னான்," என்றார் கொழுந்தன்.

"அங்கதான் லோரிய சுடுறானாம். சம்பளத்த வாங்கி யாருக்குக் கொடுப்ப?" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கெடா மேல் ஆசை. சித்தப்பா மகன் அங்கே இருந்தார்.

"ஒங்க கெடாவுல மட்டும் பூவா போடுறான்?"

அக்கா சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்ற புள்ள?"

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். "எந்த ஊர்ல வேலைக்காட்டுக்குச் சோறு எடுத்துட்டுப் போக விடுவாங்க?" என்று கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் இடம் கறுப்புப் பகுதி. லயத்தைச் சுற்றி முள்கம்பி. ஒரே ஒரு கேட்டு. காலையில் வேலைக்குப் போகும்போது ஆள் ஆளாகச் சோதிப்பார்கள். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்குகூட வெளியே போகக்கூடாது. விடியுமுன் கறுப்புக் காப்பி குடித்துவிட்டுப் போனால், பால் எடுத்து, கொட்டகையில் எடை நிறுத்துவிட்டுத் திரும்ப மணி ஒன்று ஆகும். அதுவரை பசியாறக் கிடையாது. சின்னவள் வயிற்றில் இருந்தபோது இரண்டு தரம் மர நிரையிலேயே விழுந்தேன். வாளிப் பால் மண்ணில் போனது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

அக்கா கடிதத்தைப் பிரித்து மறுபடி படித்தார். அவருடைய அண்ணன் மலாக்காவில் இருந்து எழுதியது. அவர்கள் இருக்கிற இடத்தை வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். ஊரடங்கு இல்லை. சோதனை இல்லை. தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று எழுதியிருந்தார்.

"அங்க போவோம்," என்றேன்.

"சோத்துக்காக ஒரு ஊரா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வேற எதுக்கு ஊரு?"

அவர் கடிதத்தை வாங்கி ஒரு தரம் பார்த்தார். பிறகு, "சரி," என்றார். அவ்வளவுதான் முடிவு.

"நீங்க மலாக்கா போங்க அண்ணி. நான் ஜொகூர் பாக்குறேன் லா," என்றார் கொழுந்தன். அவரும் போனார்.

தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணியிடம் ஒரு மாதம் முன்னால் சொன்னோம். இடம் மாறுவதற்கு போலீஸில் சீட்டு வாங்க என் வீட்டுக்காரர் மூன்று தரம் நடந்தார். அக்காவின் அண்ணன் இருக்கிற தோட்டத்தில் ஆள் மேய்க்கிற மண்டோர், மாதம் முடிவதற்குள் வந்தால் வீடு உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. லோரியில் சாமான் ஏற்றிப் புறப்பட்டோம்.

இங்கேதான் நான் தப்பு செய்தேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். புது வீட்டுக்குள் முதல் காலடி வைக்கும்போது பழைய வீட்டுப் பானையில் இருந்து ஒரு பிடி அரிசி கொண்டுபோக வேண்டும். உப்பும் மஞ்சளும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அரிசி நம் பானை அரிசியாக இருக்க வேண்டும். நான் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அந்தக் கேட்டில் நின்றவள்தான். இருந்தும் அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றவில்லை. சாமி காரியம் என்றுதான் நினைத்தேன்.

கேட்டில் லோரியை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு பக்கம். பெண்களும் பிள்ளைகளும் சாக்குத் திரை போட்ட சின்னக் கொட்டகைக்குள். என் முறை வரும்போதுதான் இடுப்பில் இருந்த அரிசி நினைவு வந்தது. போன மாதம் அடுத்த தோட்டத்தில் சைக்கிள் சீட்டுக்கு அடியில் அரிசி வைத்திருந்தார் என்று ஒருவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் இன்னும் திரும்பவில்லை.

உள்ளே சோதிப்பவர் ஒரு மலாய்ப் பெண். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தினமும் பார்க்கும் முகம்தான். ஒரு வார்த்தை பேசியது கிடையாது. அவர் கை என் இடுப்பில் முடிச்சைத் தொட்டு நின்றது.

"இனி அப்பா?" இது என்ன என்று மெதுவாகக் கேட்டார்.

"பெராஸ்," என்றேன். அரிசி. மறைக்க வழி இல்லை. பிறகு எனக்குத் தெரிந்த மலாயில், "ரூமா பாரு," என்றேன். புது வீடு. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அவர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். திரைக்கு வெளியே மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் பிள்ளைகளைப் பார்த்தேன். இன்றைக்கு என்னைப் பிடித்தால் இவர்கள் எங்கே போவார்கள் என்று நினைத்தேன். வீடு போகும். வேலை போகும். என் வீட்டுக்காரரையும் சேர்த்துப் பிடிப்பார்கள்.

"மாக்கான்," என்றார் அந்தப் பெண்.

எனக்குப் புரியவில்லை. அவர் நாலு அரிசியைக் கிள்ளித் தன் வாயில் போட்டு மென்று காட்டினார். மறுபடி, "மாக்கான்," என்றார். சாப்பிடு.

அள்ளி வாயில் போட்டேன். பச்சரிசியும் இல்லை, புழுங்கலரிசி. கல் மாதிரி இருந்தது. வாயில் எச்சில் இல்லை. அவரும் ஒரு கை எடுத்து மென்றார். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு மென்றோம். பெரியவள் கேட்காமலே கை நீட்டினாள். சின்னவள், "எனக்கு," என்றாள். அவளுக்கும் கொஞ்சம்.

வெளியே இருந்து அதிகாரி, ஏன் இவ்வளவு நேரம் என்று சத்தம் போட்டார். பிள்ளை அழுகிறது என்று அந்தப் பெண் மலாயில் பதில் சொன்னார். என் பிள்ளை அழவில்லை. மென்றுகொண்டிருந்தாள்.

கடைசி அரிசி வரை போனது. அவர் என் முந்தானையை உதறி, மடித்து, அவரே இடுப்பில் செருகிவிட்டார். "ஜாலான்," என்றார். போ. நான் கும்பிட்டேன். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

லோரியில் ஏறியதும், "வாயில என்னா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். தலையை ஆட்டினேன். கோலாலம்பூரில் லோரியை விட்டு பஸ் ஏறிய பிறகு சொன்னேன்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா விட்டிருக்கமாட்டேன்."

"அதான் சொல்லல."

சிரம்பானில் பஸ் நின்றபோது அவர் இறங்கிப்போய் எனக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வந்தார். "குடி. அரிசி ஊறட்டும்," என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

மலாக்காவில் இறங்கி, தோட்டத்துக் கடையில் அரிசி வாங்கினேன். காகிதத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கையில் வெளியே தெரியப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடந்தேன். எதிரே இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். நான் ஓரமாக நின்றுவிட்டேன். அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள். அந்தக் கடை அரிசியோடுதான் புது வீட்டுக்குள் காலடி வைத்தேன்.

மறுநாள் வேலைக்குச் சோறு கொண்டுபோனேன். காலை ஒன்பது மணிக்கு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நெத்திலிச் சம்பல். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஊர் சரியான ஊர்தான் என்று அப்போது தெரிந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. அவரும் மாட்டியிருந்தால் வேலை மட்டும் போயிருக்காது, ஜெயில். அது எனக்குப் பல நாள் கழித்துத்தான் உறைத்தது. அவசரகாலம் முடிந்து ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது விசாரித்தேன். மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்தில் யாருக்கும் தெரியவில்லை.

எங்களுக்குப் பிறகு பழைய தோட்டத்தில் இருந்து ஒவ்வொரு குடும்பமாக மலாக்கா வந்தது. முதலில் வந்தவர் அந்தப் பக்கத்து வீட்டு அக்கா. அவர்கள் புறப்படுமுன் எல்லாருக்கும் என் வீட்டுக்காரரை ஒரே சேதிதான் எழுதச் சொன்னேன். துணி கொண்டு வாருங்கள். அரிசி கொண்டு வராதீர்கள். அதை இங்கே என் பானையில் இருந்து நான் வைக்கிறேன். அக்கா வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். கும்பிடுவது வேறு, அரிசி ஒன்றுதான் என்று அவர் வாசலிலும் வைத்தேன். ஒரு வருஷம் கழித்துக் கொழுந்தனும் ஜொகூரை விட்டுப் பெண்டாட்டியோடு வந்தார். அவர்களுக்கும் வைத்தேன்.

அந்தப் பெண்ணுக்கு நான் திருப்பிச் செய்ய வழி இல்லை. வந்தவர்களுக்குச் செய்தேன். என் பானையில் இருந்து ஒரு பிடி எடுத்து, மூடாமல் கையிலேயே கொண்டுபோய், அவர்கள் உள்ளே வருமுன் வைத்த வீடுகள் பதினொன்று.